லோரிக்காரர் சொல்லி முடித்த படம்

அழைப்பைப் பார்த்தேன். ஈப்போவில் மண்டபம் எடுத்து, பழைய ரப்பர் தோட்டத்து ஆட்களை எல்லாம் கூட்டி, சின்ன வயதில் நமக்குப் படம் காட்டிய லோரிக்காரருக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறீர்களாம். நம் வயசுக்காரர்களின் வாட்சப் குழுவில் அன்றிலிருந்து ஒரே கும்மாளம். "அந்த மிலிட்டரி கம்ப்யூட்டர் படத்துக்கு அவர் சொன்ன முடிவு இருக்கே, ஒரிஜினல்கூட அப்படி இருக்காது லா" என்று ஒருவர் எழுத, அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் மூஞ்சிகள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே இன்னொரு தடவை சத்தமாகக் கழுவினேன்.

எனக்குக் கோபம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரிக்கும் அந்த முடிவுதான் என் அக்காவுக்குக் கிடைக்க இருந்த வேலையைக் கெடுத்தது. உங்களில் பாதிப் பேர் அன்றைக்கு அங்கேதான் இருந்தீர்கள். உங்கள் அம்மா அப்பாக்களும் இருந்தார்கள். நடந்தது உங்களுக்குத் தெரியாது என்பதால் இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டேன். பொன்னாடை என்று வந்த பிறகு பொறுக்க முடியவில்லை.

அந்த வருஷக் கடைசி விடுமுறையை நினைத்துப் பாருங்கள். நமக்குப் பத்து வயது இருக்கும். கோலா கங்சார் பக்கம் மழை விடாமல் கொட்டியது. மரத்துப் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது என்பதால் பெரியவர்கள் எல்லாரும் லயத்து வரிசை வீடுகளில் சும்மா கிடந்தார்கள். சும்மா கிடந்தால் சீட்டு, சீட்டு விளையாடினால் சண்டை. அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் படத்துக்குக் கோயில் திருவிழாவைவிடக் கூட்டம் வந்தது.

தோட்டத்து மண்டபத்தின் சிமெண்டுத் தரை குளிரில் சில்லென்று இருக்கும். ஈரத் துணி வாடை, எந்தச் சவுக்காரம் போட்டாலும் போகாத ஒட்டுப்பால் நாற்றம், இவற்றுக்கு நடுவே கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தின் மசாலா மணம். முன்னால் மேசை மேல் டிவி, அதன் பக்கத்தில் வீடியோ பெட்டி, அதன் பக்கத்தில் லோரிக்காரர். தோட்டத்துப் பாலை ஆலைக்கு ஏற்றிப் போகிற லோரியை ஓட்டியவர் அவர். வரும்போது ஈப்போவில் இறங்கி கேசட் எடுத்து வருவார். வாலிபத்தில் வெள்ளைக்காரப் பட்டாள முகாமில் சமையல்கட்டில் இருந்தவர். அதனால் இங்கிலீஷும் தெரியும், பட்டாளமும் தெரியும் என்பது தோட்டத்து நம்பிக்கை. இங்கிலீஷ் படம் என்றால் குடைக்கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு திரையைத் தட்டித் தட்டிக் கதை சொல்வார். எல்லாக் குரலும் அவரே பேசுவார். வில்லனுக்கு நம் ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணியின் குரலைத்தான் வைப்பார். கிராணி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் வைப்பார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தவள்தான், அதை மறுக்கவில்லை.

தோட்டத்து ஜெனரேட்டரை ஞாயிறு மத்தியானம் கொஞ்ச நேரம்தான் ஓட விடுவார்கள். நேரம் ஆனதும் இஞ்சின்காரர் ஈவு இரக்கம் இல்லாமல் நிறுத்திவிடுவார். படம் பாதியில் அணையும். கேசட்டை மறுநாள் காலை கடையில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அப்போது லோரிக்காரர் கையைத் தூக்குவார். "யாரும் எந்திரிக்காதீங்க. மிச்சத்த நான் சொல்றேன்." இருண்ட திரைக்கு முன்னால் நின்று, தான் பார்த்தேயிராத படத்தின் முடிவைச் சொல்லி முடிப்பார். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். எத்தனை படங்களுக்கு அவர் முடிவுதான் நமக்கு முடிவு!

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்த மிலிட்டரி கம்ப்யூட்டர் படம் வந்தது. பூமிக்கு அடியில் ஒரு பெரிய அறை, சுவர் முழுக்க உலகப் படம், அதில் மினுக்கு மினுக்கென்று விளக்குகள். குட்டை முடி வைத்துக் கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருப்பாள். பின்னால் மெடல் குத்திய பெரிய அதிகாரிகள் கத்திக்கொண்டே இருப்பார்கள். துப்பாக்கி இல்லை, அடிதடி இல்லை. லோரிக்காரருக்குக் கொஞ்ச நேரத்திலேயே பொறுமை போய்விட்டது. குடைக்கம்பியால் அந்தப் பெண்ணின் நெற்றியைத் தட்டினார்.

"இந்தப் பொம்பள இருக்காளே, இவதான் எதிரி ஆளு. உள்ளுக்குள்ளயே உக்காந்துகிட்டு மிலிட்டரி ரகசியத்தயெல்லாம் டெலிபோன் கம்பியில அனுப்புறா. பாருங்க எப்படித் தட்டுறான்னு!"

என் பக்கத்தில் இருந்த அக்கா எழுந்துவிட்டாள். "இல்லண்ணே. வெளிநாட்டுக்காரன் டெலிபோன் லைன் வழியா மிலிட்டரி கம்ப்யூட்டருக்குள்ள வாரான். இவ அவன உள்ள விடாம தடுக்குறா. காவலுக்கு இருக்கா."

"ஓ, படிச்சவங்க பேசுறாங்க!" என்றார் லோரிக்காரர். "தங்கச்சி, நான் கேம்ப்புல சோறாக்கினவன். மிலிட்டரில பொம்பளய எவன் காவலுக்கு வைப்பான்? உக்காரும்மா, மறைக்குது."

மண்டபமே சிரித்தது. நம் அப்பாக்கள் சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்தார். அக்கா உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில், திரையில் அதிகாரிகள் அந்தப் பெண் மேலேயே சந்தேகப்பட்டு அவள் கையில் விலங்கு மாட்டினார்கள். "சொன்னேனா இல்லையா!" என்று லோரிக்காரர் துள்ளினார். அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் நின்றது.

பிறகு அவர் சொன்ன முடிவு உங்களுக்கு மனப்பாடம். அவளைப் பூமிக்கு அடியில் இருக்கிற ஜெயிலில் போட்டார்களாம். வீட்டுக்குப் போய் அவளைப் பெற்றவர்களையும் பிடித்தார்களாம். "எங்களுக்குத் தெரியும், அந்தப் புள்ள கம்ப்யூட்டர் படிச்ச புள்ளதான்" என்று சாட்சி சொன்ன அக்கம்பக்கத்து ஆட்களையும் லோரியில் ஏற்றினார்களாம். லோரி என்ற இடத்தில் எல்லாரும் பயந்துபோனார்கள். விலங்கைக் கண்ணால் பார்த்தாயிற்று, மிச்சத்தையும் நம்பாமல் என்ன செய்வார்கள்? வருஷங்கள் கழித்து அந்தப் படத்தை நான் தேடிப் பிடித்து முழுதாகப் பார்த்தேன். விலங்கு பத்து நிமிஷத்தில் கழற்றப்படுகிறது. கடைசியில் அந்தப் பெண்ணுக்கு மெடல் குத்துகிறார்கள்.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு அப்போது இருபது வயது. பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவம் முடித்துவிட்டு, ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் பஸ் ஏறிப் போய்வந்துகொண்டிருந்தாள். அங்கே ஒரு பெட்டியைப் பல பேர் பங்கு போட வேண்டும். அதனால் பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி, பேனாவால் கட்டம் கட்டமாக எழுத்துகள் எழுதி, ஒரு தட்டச்சுப் பலகை செய்து வைத்திருந்தாள். மழையில் வெளியே போக முடியாத நாட்களில் நான் பழைய பேப்பரிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக வாசிப்பேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு அட்டையைத் தட்டுவாள். தொட்டுத் தொட்டுச் சில எழுத்துகள் அழிந்துபோயின. மறுபடி எழுதட்டுமா என்று கேட்டேன். "வேணாம், எனக்கு எங்க இருக்குன்னு தெரியும்" என்றாள். அவள் சந்தோஷமாக இருந்ததை நான் அந்தக் காலத்தில்தான் பார்த்தேன்.

வீட்டுக்குத் தெரியாமல் அவள் ஒரு வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். ராணுவத்தின் கம்ப்யூட்டர் பிரிவில், சீருடை இல்லாத வேலை. பரீட்சையிலும் நேர்முகத்திலும் தேறிவிட்டாள். பாக்கி இருந்தது ஒன்றுதான்: ஆள் எப்படிப்பட்டவள், நம்பலாமா என்று இருக்கிற இடத்துக்கு வந்து நாலு பேரிடம் விசாரிப்பார்கள். இதை அவள் என்னிடமும் சொல்லவில்லை. பட்டாளம் என்ற சொல்லைக் கேட்டாலே அப்பாவுக்கு முகம் மாறிவிடும். வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசர காலத்தில் அப்பாவின் அப்பாவை, "சும்மா ரெண்டு கேள்வி" என்று லோரியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் வருஷக் கணக்கில் திருப்பி அனுப்பவில்லை. ஜீப்பில் ஆள் வந்து யாரையாவது கேட்டால், தெரியாது, கிடையாது, அது ஒன்றுக்கும் ஆகாத ஜென்மம் என்று சொல்லிவிட வேண்டும். நம் தோட்டத்தில் பிள்ளைகளுக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கும்போதே இதையும் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

படம் பார்த்த அதே வாரம் ஜீப் வந்தது. அக்கா வகுப்புக்குப் போயிருந்தாள். சாதாரணச் சட்டை போட்ட, முடியை ஒட்ட வெட்டிய இரண்டு பேர் பால் ஸ்டோரில் நிறுத்தி, அக்கா பெயரைச் சொல்லி வீடு எது என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டது யாரிடம்? லோரிக்காரரிடம். அவர் கோயில் பக்கம் கையைக் காட்டி அவர்களைச் சுற்றவிட்டு, குறுக்குப் பாதையில் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். முழங்கால் வரை சேறு.

"மச்சான், வந்துட்டானுங்க. உம் மக பேரச் சொல்லிக் கேக்குறானுங்க. படத்துல பாத்தோம்ல? கம்ப்யூட்டருங்கிற வார்த்தையே யாரு வாயிலயும் வரக் கூடாது. புத்தகம் கித்தகம் இருந்தா எடுத்துக் கொளுத்து."

அப்பா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து அக்காவின் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போய் வெந்நீர் அடுப்பில் திணித்தாள். அந்த அட்டையையும் போட்டாள். நான் அழுதேன். அம்மா என் கையில் கிள்ளி, "சத்தம் போட்ட, உன்னயும் புடிச்சிட்டுப் போயிருவாங்க" என்றாள். அட்டை ஈரமாக இருந்ததால் உடனே பற்றவில்லை. வீடு முழுக்கப் புகை. இதற்குள் லோரிக்காரர் எங்கள் லயத்தில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, யார் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்தி முடித்திருந்தார்.

வந்த இரண்டு பேரும் மரியாதையானவர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, சும்மா வழக்கமான கேள்விதான் என்று மலாயில் சொன்னார்கள். "சும்மா" என்ற இடத்தில் அப்பாவின் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். மகள் கம்ப்யூட்டர் படிக்கிறாளா என்று கேட்டார்கள். பத்தாம் நம்பர் வீட்டு அத்தை, அவள் ஈப்போவுக்கே போனதில்லை என்றாள். அடுத்த வீட்டுப் பெரியப்பா, ஈப்போவுக்குப் போவது மண்டைக் கோளாறுக்கு மருந்து வாங்க என்றார். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது அப்பா கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அனாக் சாயா போடோ, துவான்."

என் மகள் முட்டாள், ஐயா. ஒன்றுமே தெரியாது, ஒன்று இரண்டு எண்ணக்கூட வராது என்றார். ஆறாம் படிவத்தில் தேறியபோது வீடு வீடாகப் போய் மிட்டாய் கொடுத்த அதே மனுஷர். கடைசியாக லோரிக்காரர் தன் பங்குக்கு முத்திரை வைத்தார்: "அவகிட்ட எதையும் நம்பிக் குடுக்க முடியாது, துவான்." நம்பிக் கொடுக்கலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் அவர்கள் அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள். காப்பிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஜீப் போன பிறகு லயத்தில் தீபாவளிதான். அப்பா லோரிக்காரரைக் கட்டிப்பிடித்து அழுதார். சாயந்திரம் அக்கா பஸ்ஸை விட்டு இறங்கிக் குடையோடு வரும்போது, வாசலில் கூட்டம் அவளுக்காகக் காத்திருந்தது. லோரிக்காரர் நடந்ததைப் படம் மாதிரியே, ஆளுக்கொரு குரலில், நடித்துக் காட்டினார். அக்கா குடையை மடக்காமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"நீங்க என்னப்பா சொன்னீங்க?" என்றாள்.

அப்பா பெருமையாகச் சொன்னார்.

அவள் உள்ளே போய், அடுப்படியில் சாம்பலைப் பார்த்தாள். தண்ணீர் குடித்தாள். பாவம், பயந்துபோய்விட்டது பிள்ளை என்று அத்தை திருநீறு பூசிவிட்டாள். மறுநாள் அக்கா கோலாலம்பூர் வரை போனாளாம், விளக்கம் சொல்ல. விசாரணை முடிந்தது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்களாம். எங்களிடம் தோழி வீட்டுக்குப் போனதாகச் சொன்னாள். எனக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம்தான் முழுக் கதையையும் என்னிடம் சொன்னாள், அதுவும் அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு.

வேலைக்கு மனுப் போட்டதை வீட்டில் முன்பே சொல்லியிருக்கலாமே என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். கேட்காதீர்கள். சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா? படத்தில் அந்தப் பெண் காவல்காரி என்று நடு மண்டபத்தில் எழுந்து நின்று சொன்னாளே, அதையே யாரும் காதில் வாங்கவில்லை. அன்றைக்குச் சிரித்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

பிறகு அக்கா காம்பார் சாலையில் ஓர் எலக்ட்ரானிக் ஆலைக்குப் போனாள். கம்ப்யூட்டருக்குள் வைக்கிற பச்சைத் தகடுகளில், பூதக்கண்ணாடியில் குனிந்து, மயிரிழைக் கம்பிகளை ஒட்டுகிற வேலை. கண் கெட்டுப்போகும்வரை செய்தாள். தட்டச்சுப் பலகையை அவளிடம் யாரும் கொடுக்கவில்லை. அப்பாவோ எந்தக் கல்யாணம், எந்தச் சாவு வீடு என்றாலும், "நான் மட்டும் அன்னிக்கு வாயத் தொறக்கலன்னா இந்தப் புள்ள இன்னிக்கு ஜெயில்ல கெடக்கும்" என்று ஆரம்பிப்பார். அக்கா அவருக்கு டீ ஊற்றிக்கொண்டிருப்பாள். "சொல்லித் தொலையேன்" என்று நான் எத்தனையோ தடவை பல்லைக் கடித்திருக்கிறேன். "அவரு எனக்காகத்தானே செஞ்சாரு. போலாம் வா" என்பாள். எனக்கு அவள் மேலேயும் கோபம்தான்.

அந்தக் கோபத்தில்தான் நான் இந்த வகைப் படம் எது வந்தாலும் பார்க்க ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர் வழியாக ஒரு நாட்டின் மின்சாரத்தை நிறுத்துகிற படம், போர்க்கப்பலைத் திசை மாற்றுகிற படம், ராணுவ வலையமைப்புக்குள் எவனோ புகுந்துவிட, விடிவதற்குள் அவனைத் துரத்துகிற படம். பச்சை எழுத்து மழையாகக் கொட்டும், யாராவது ஒருவர் மூச்சு விடாமல் தட்டுவார், சிவப்பு விளக்கு அணைந்ததும் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அக்கா ஒருமுறை என்னோடு கொஞ்ச நேரம் பார்த்தாள். "நெஜத்துல இவ்ளோ ஆட்டம் இருக்காது. சும்மா பாத்துக்கிட்டே இருக்கணும். நூறு நாள் ஒண்ணும் நடக்காது. நூத்தியோராவது நாளும் அதே மாதிரி பாக்கணும், அதான் வேல" என்றாள். எங்கே படித்தாள் என்று கேட்கவில்லை. இப்போது எதைத் திறந்தாலும் நாட்டு வலையமைப்பைக் காக்க ஆள் இல்லை, பிள்ளைகளே படியுங்கள் என்று கெஞ்சுகிறார்கள். கேட்டால் எரிகிறது.

போன ஞாயிறு, உங்கள் அழைப்பு வந்த சூட்டோடு, அக்கா வீட்டுக்குப் போனேன். அப்பா அவளோடுதான் இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டார். காது மட்டும் நன்றாகக் கேட்கும். இப்போதெல்லாம் டிவியில் இங்கிலீஷ் படத்தையும் தமிழ்க் குரலில் போடலாமே, வேண்டுமென்றே தேடி அப்படி ஒன்றைப் போட்டேன். அக்கா என்னை முறைத்தாள். நான் நிறுத்தவில்லை. ராணுவக் கம்ப்யூட்டர்களைக் காக்கிற ஒரு பெண்ணின் கதை. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, நடுவில் யாரும் நிற்காமல், அவர் அந்த மாதிரிப் படத்தைக் கேட்டார்.

"இந்தப் பொண்ணு எதிரி ஆளா?" என்றார்.

"இல்லப்பா. காவலுக்கு இருக்கா," என்றாள் அக்கா.

"பொம்பளப் புள்ளயவா? யாரு வெச்சா?"

"கவர்மெண்டுதான்."

அப்பா தலையாட்டினார். படத்தில் கதை பின்னால் போனது. அந்தப் பெண் வேலையில் சேர்வதற்கு முந்தைய நாட்கள். இரண்டு பேர் காரில் வந்து அவள் தெருவில் இறங்கி, பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில், அவளைப் பெற்றவர்களிடம் விசாரிக்கிறார்கள்.

"இவனுங்க எதுக்கு வாரானுங்க? புடிக்கவா?"

"இல்லப்பா. வேல குடுக்கறதுக்கு முன்னால, நல்ல ஆளான்னு கேப்பாங்க."

அப்பா திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். "அன்னிக்கு நம்ம வீட்டுக்கு வந்தாங்களே, செருப்பக் கழட்டிட்டு…"

நான் வாயைத் திறந்தேன். இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த அத்தனையும் நுனி நாக்கில் நின்றது. அக்கா என் பக்கம் கையை நீட்டி என்னைத் தடுத்தாள்.

"ஆமாப்பா," என்றாள். "வேலைக்குத்தான் வந்தாங்க. எல்லாத்துலயும் பாஸ் பண்ணியிருந்தேன். அது மட்டுந்தான் பாக்கி."

அப்பா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "நான் உன்ன போடோன்னு சொன்னேனே."

"சொன்னீங்க."

படத்தில் அந்தப் பெண் கம்ப்யூட்டர் முன்னால் முதல் நாள் வந்து உட்கார்ந்தாள். அப்பா அவளைக் காட்டினார்.

"நீயும் இவ மாதிரி செஞ்சிருப்பியாம்மா?"

அக்கா ஒருநாளும் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. ஆனால் கெட்டுப்போன கண்ணை அவர் முகத்திலிருந்து எடுக்காமல் சொன்னாள்.

"இவளவிட நல்லா செஞ்சிருப்பேன்ப்பா."